பேர் வெட்டிய மண்

டீயில் மண் இருந்தது.

முதல் வாயிலேயே மெர்வினின் பல்லில் அது நறநறத்தது. சர்க்கரை கரையாமல் நின்றிருக்கும் என்று நாக்கால் துழாவிப் பார்த்தான். சர்க்கரை என்றால் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். இது கரையவில்லை. உப்புக் கரித்தது. வாஷ்பேசினில் துப்பினான். வெள்ளைப் பீங்கானில் கறுப்பாக ஒரு கீற்று இறங்கி, ஓட்டைக்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், மாடிப் போர்ஷனில், அவன் தனியாகத்தான் இருந்தான். தெருச் சத்தம் வேலையைக் கெடுக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பான். தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ். செருப்பு வாசலோடு சரி. மண் வர வழியே இல்லை. ஆனாலும் சில நாளாக வந்துகொண்டிருந்தது. தலையணை உறைக்குள், சோப்பு டப்பாவில், கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவில். கூட்டி அள்ளினால் ஒரு கைப்பிடி தேறும். ஏரிப் பக்கம் எதையோ தோண்டுகிறார்கள், காற்றில் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். மாலைதான் வரும். ஃபேன் ஓடாத வீட்டில், இத்தனை நாள் அதன் இரைச்சல் மூடி வைத்திருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஃபிரிட்ஜுக்குள் ஐஸ் உருகிச் சொட்டுவது, கீழ் வீட்டுக் குக்கர், சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் மின்சார ரயிலின் ஊதல், வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் மூடி படக்கென்று விரிவது. அவற்றுக்கு நடுவில், சுவருக்குப் பின்னால் எங்கேயோ, சர்ரென்று எதையோ வாரி, சற்று நிறுத்தி, மறுபடி சர்ரென்று வாரும் சத்தம்.

அந்த நிறுத்தம் அவனுக்குத் தெரிந்த நிறுத்தம். எங்கே கேட்டோம் என்றுதான் பிடிபடவில்லை.

மெர்வினுக்குச் சிரிக்க வைப்பதுதான் பிழைப்பு. இணையத்தில் கிடக்கும் வேடிக்கைகளைப் பொறுக்கியெடுத்து, பாட்டையும் வசனத்தையும் ஒட்டி, ‘கண்டது கேட்டது’ என்ற பக்கத்தில் போடுவான். கல்யாண வீட்டில் வழுக்கி விழுந்த மாமா, மைக்கைக் கொடுக்க மாட்டேன் என்று ஓடிய கவுன்சிலர், கட் அவுட்டுக்குப் பால் ஊற்றப் போய் அதிலேயே தொங்கிய ரசிகன். தாம்பரத்துப் பையன்கள் போனில் அந்தப் பக்கம் இல்லாமல் இருக்காது. ஆனால் நடத்துவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவனும், கூட்டாளி குணாவும் எங்கேயும் பேரைப் போட்டுக்கொண்டதில்லை. பேர் தெரியாத வரைக்கும் யாரும் வாசலுக்கு வர முடியாது என்று மெர்வின் நம்பினான்.

அவன் போட்டதிலேயே பெரிய வெற்றி அந்த மீன்காரம்மாதான்.

பீர்க்கன்கரணைப் பக்கம் தண்ணி லாரி ஏறி அங்காளம்மாளின் மகன் செத்துப்போனான். லாரிக்காரன் ஜாமீனில் வெளியே வந்து, வீட்டுக்குப் புது பெயின்ட்கூட அடித்துவிட்டான். அங்காளம்மாள் அவன் கேட்டுக்கு எதிரே மீன்கூடையை இறக்கி வைத்தாள். தெருவோரம் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். அவன் பேரைச் சொல்லி, வாயில் மண் விழ என்று, அந்த வாசலைப் பார்த்துத் தூற்றினாள். யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

மெர்வின் அதில் ஒரு தாயைப் பார்க்கவில்லை. ஒரு தாளத்தைப் பார்த்தான். குனிவது, வாருவது, ஒரு நொடி நிறுத்துவது, வீசுவது. குத்துப் பாட்டுக்கென்றே அளந்து வைத்த மாதிரி இருந்தது. அவள் குரலை எடுத்துவிட்டு மேளத்தைப் போட்டான். பேர் சொல்லும் இடத்தை, காதில்கூட வாங்காமல், வெட்டினான். பேர் இருந்தால் நாளைக்குப் போலீஸ், வக்கீல் என்று இழுக்கும். தலையையும் வாலையும் ஒட்டினான். அவள் நிற்காமல் குனிந்தாள், வாரினாள், வீசினாள். மேலே எழுதினான்: ‘திங்கட்கிழமை காலையில் மேனேஜரைப் பார்க்கும்போது நான்.’

ஊரே சிரித்தது. அது ஸ்டிக்கரானது. டீ சர்ட்டானது.

பிறகு அவளுடைய மகள் அஞ்சலி ‘கண்டது கேட்டது’ பக்கத்துக்கு எழுதினாள். ‘அண்ணா, அது எங்க அம்மா. செத்தது என் தம்பி. தயவுசெஞ்சு தூக்கிடுங்க. தெருவுல அம்மாவப் பாத்து அதே மாதிரி ஆடிக் காட்றாங்க. கூடையத் தூக்கவே மாட்டேங்கறாங்க.’ கீழே ஒரு போன் நம்பர். மெர்வின் பதிலுக்கு அவளுக்கு அந்த ஸ்டிக்கரையே அனுப்பினான். குணா தரையில் உருண்டு சிரித்தான்.

சர்ர். நிறுத்தம். சர்ர்.

“தம்பி! மாடில என்ன வேலை நடக்குது?”

வீட்டுக்காரர் வேதசிரோமணி கீழே கார் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெர்வின் ஜன்னலைத் திறந்து கம்பி வழியாகக் குனிந்தான்.

“ஒண்ணுமில்லயே சார்.”

“சன்ஷேடுலேர்ந்து மண்ணாக் கொட்டுது. வண்டியப் பாருங்க. தரையப் பேக்கறதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?”

“நான் எதையும் பேக்கல சார்.”

“அப்ப பூனை வந்து கொத்து வேலை பாக்குதா?” அவரே சிரித்துக்கொண்டார். “இருங்க, உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன். என் மருமவ அனுப்பினது.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைத் தடவினார்.

மெர்வினின் போன் டிங் என்றது. தெருக்காரர்கள் குரூப்பில் அங்காளம்மாள் குனிந்தாள், வாரினாள், வீசினாள்.

அதே நொடியில் அவன் பிடரியில் ஒரு கைப்பிடி மண் விழுந்தது.

ஈரமாக இருந்தது. சட்டைக்குள் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. அவன் மேலே பார்த்தான். வெள்ளை சீலிங், விரிசல்கூட இல்லை. மறுபடி டிங். மூன்றாவது வீட்டு மாளவிகா மேடமும் பதிலுக்கு அதையே அனுப்பியிருந்தார். சோபாவின் மேல் பொத்தென்று ஒரு கைப்பிடி. இன்னொரு டிங். சமையல்கட்டில் எவர்சில்வர் தட்டின் மேல் கலகலவென்று சிதறியது. மண்ணில் மீன் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் அவை சின்னச் சின்னக் கண்கள் மாதிரி மினுங்கின.

போன் அடித்தது. குணா.

“மச்சான், எங்க கீற? பேஜப் பாத்தியா இல்லியா? நம்ம மீன்காரம்மாவ அந்தப் பெரிய ஹீரோவோட ஃபேன்ஸ் தூக்கிப் போட்டுட்டானுங்கடா! படம் ஊத்திக்கிச்சின்னு சொன்னவன் வாயில மண்ணாம். பிச்சிக்கினு போவுது!”

“குணா, அதத் தூக்குடா.”

“இன்னாது?”

“டெலீட் பண்ணு. இப்பவே.”

“வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா உனுக்கு? நம்மகிட்ட தூக்கினா ஆச்சா? ஊரே வெச்சிக்கினு கீது. துபாய்ல ஒருத்தன் பர்த்டே கேக்கு மேலயே அந்தம்மாவப் போட்டுக்கீறான்.” சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். “இன்னா சத்தம் அது? அங்க மழையா?”

மழை இல்லை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் எல்லா அறையிலும் கைப்பிடி கைப்பிடியாக விழுந்துகொண்டிருந்தது. கட்டிலில், பாத்ரூமில், அலமாரிக்குள், மூடி வைத்த பாத்திரத்துக்குள். எங்கே விழுவது என்று தெரியாத மாதிரி, கண்ட இடத்தில்.

மெர்வின் அந்தக் காட்சியைத் திறந்தான். நூறு தடவை பார்த்து ஒட்டிய காட்சி. அவள் குனிந்தாள், வாரினாள், வீசினாள். வீசிவிட்டு, அவன் ஒருபோதும் பார்த்திராத ஒன்றைச் செய்தாள். தேடினாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணை ஓட்டி, தான் வீசியது யார் மேல் விழுந்தது என்று தேடினாள். ஒருவரும் இல்லை. மறுபடி குனிந்தாள்.

பேரை வெட்டியது அவன்தான். பேரைத் திருப்பி ஒட்டிவிட்டால் மண் போகவேண்டிய வாசலுக்குப் போய்விடும். ஆனால் அந்தப் பேர் என்ன? முழுப் பதிவை அப்போதே அழித்துவிட்டான். அஞ்சலியின் நம்பரைத் தேடி எடுத்தான்.

“யாரு?”

“அஞ்சலியாம்மா? அந்த வீடியோ, அம்மாவோட... அந்த லாரிக்காரர் பேரு என்ன? அது மட்டும் சொல்லுங்க. பேரோட திருப்பிப் போட்டுடறேன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“இப்பத்தான் தோணிச்சா?”

“தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க. வேணும்னா அம்மாகிட்ட நானே பேசறேன்.”

“அம்மாக்குக் கருமாதியே முடிஞ்சிடுச்சு.” குரலில் அழுகை இல்லை. “சோறு எறங்கல. நான் தூத்துனது அவன் மேல போவாம எவனோ பேர வெட்டிட்டானே, வெட்டிட்டானேன்னு அதையே சொல்லிக்கினு கெடந்தாங்க. வெட்டுனவன் பேரு இன்னா, வெட்டுனவன் பேரு இன்னான்னு என்னையக் கேட்டுக்கினே இருந்தாங்க. எனுக்கு எங்க தெரியும்? தெரியாமலே கண்ண மூடிட்டாங்க. நீங்க யாரு பேசறது?”

மண் கணுக்காலைத் தொட்டிருந்தது. மன்னிப்புக் கேட்கிறவன் பேரை மறைத்தால் எப்படி நம்புவாள்? அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

“மெர்வின். என் பேரு மெர்வின்.”

அஞ்சலி போனை வாயிலிருந்து விலக்குவது கேட்டது. பக்கத்தில் இருக்கும் யாரிடமோ, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவருக்குப் பதில் சொல்வது போல, மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, மெர்வினாம்.”

எல்லாம் நின்றது. அறைகளில் மண் விழுவது நின்றது. சுவருக்குப் பின்னால் வாரும் சத்தம் நின்றது. கீழ் வீட்டுக் குக்கர்கூட அடங்கியிருந்தது.

போன் திரையில் அங்காளம்மாள் நிமிர்ந்து நின்றாள். இரண்டு கையிலும் மண். தேடவில்லை. நேராக அவனைப் பார்த்தாள். மேளம் போன இடம் தெரியவில்லை. உதட்டைப் பார்த்தே வசனம் ஒட்டுகிற தொழில் அவனுடையது. ஒட்டியிருந்த உதடுகள் பிரிந்து, பல் தெரிய இழுபட்டு, நாக்கு மேலே தொட்டு அடங்கியதைப் பார்த்தான். அது அவன் பேர்.

அவள் வீசினாள்.

சீலிங் முழுவதும் ஒரே வீச்சில் இறங்கியது. போன் கையிலேயே டிங் டிங் டிங் என்று இடைவெளி இல்லாமல் அலறியது. எத்தனை லட்சம் பேர் அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்களோ, அத்தனை பேருக்கும் ஒரு கைப்பிடி. அவன் கதவுக்கு ஓடினான். உள்பக்கம் திறக்கிற கதவு. முழங்கால் மண். இழுத்தான். அசையவில்லை. ஜன்னலுக்குத் திரும்பினான். இடுப்பு. கம்பியைப் பிடித்தான். கீழே வேதசிரோமணி கார் பக்கத்திலேயே நின்றிருந்தார். போனைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சா...”

வாய் நிறைந்தது.

உப்பு. செதில். கடைவாய்வரை.

கம்பி கையிலிருந்து நழுவியது. வெளிச்சம் ஒரு கோடானது. கோடும் போயிற்று. எங்கேயோ போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது, அவன் தொடைக்குப் பக்கத்தில், மண்ணுக்குள், வண்டு மாதிரி. பிறகு அதுவும் இல்லை.

இருட்டு. கனம். விலா எலும்பு விரிய இடமில்லை.

மேலே, சர்ர்.

நிறுத்தம்.

சர்ர். இன்னும் பக்கத்தில். யாரோ மேலிருந்து மண்ணை வாருகிறார்கள். தோண்டுகிறார்கள். காப்பாற்ற வந்துவிட்டார்கள். அவன் நெற்றிக்கு மேல் கனம் குறைந்தது. இன்னொரு வாரல். உச்சந்தலையில் காற்று பட்டது.

காற்றில் மீன் வாடை.

சில்லென்ற பத்து விரல்கள் மண்ணோடு சேர்த்து அவன் தலைமுடிக்குள் இறங்கின. கொத்தாக வாரிப் பிடித்தன.

ஒரு நொடி, நிறுத்தின.