ஊர்ப்பக்கத்து மண்

காலையில் மட்டப்பலகை போட்டு இழுத்துச் சமப்படுத்திவிட்ட மண், மத்தியானம் கதவைத் திறந்தபோது அறையின் நடுவில் கும்பியாய்க் கிடந்தது.

புனிதம் வாசலிலேயே நின்று பார்த்தாள். கோழி கிளறினால் பள்ளம் விழும், இப்படிக் குவியாது. நாய் என்றால் கால் தடம் இருக்கும். யன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை. அதற்குள்ளால் கடற்காற்று உப்பு மணத்தையும் காய்கிற நெத்தலியின் மணத்தையும் சுமந்துகொண்டு வந்து, கூரைத் தகரத்தைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. காற்று மண்ணைப் பரத்துமே தவிரக் கூட்டி வைக்குமா? வைக்கும்போலிருக்கிறது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் அவளுக்குள் மரத்துப்போய்க் கனகாலம்.

நாளைக்கு அந்த அறைக்குச் சீமெந்து போடவேண்டும். மகள் நிதர்சனா தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம்தான். முன்னறையில் பாயில் சரிந்து படுத்திருக்கிறாள். இப்போதே வலி கண்டால் பிள்ளை தங்காது, கவனமாய்ப் பாருங்கோ என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாயும் பிள்ளையும் கிடக்கத்தான் இந்த அறை.

நேற்று மண்ணை ஏற்றிவந்து பறித்துவிட்டுப் போனவன் ரக்டர்கார வின்சன்.

"என்ன தம்பி, மண் இப்பிடிக் குளிருது?"

"ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சே அக்கா கொண்டுவந்தனான்? மேட்டு மண்தானே."

"மேட்டில எந்தப் பக்கம்?"

வின்சன் தலையைச் சொறிந்தான். "கடல்பக்கம் ரக்டர் புதையுது. ஊர்ப்பக்கத்தால அள்ளினனான். மண் எண்டா மண்தானே அக்கா."

"மேட்டைக் கரைச்சுப்போட்டு நாளைக்கு என்னை உன்ர தலையிலயோ ஏத்தி நிக்கவைக்கப்போறாய்?" என்று கேட்டார் அவள் புருஷன் கிறகோரி. பகிடிபோலத்தான் கேட்டார். முகம் சிரிக்கவில்லை.

அந்த மணல் மேட்டில்தான் ஊரின் பாதிச் சீவியம். கடல்பக்கச் சரிவில் கருவாடு காயும். உச்சியில் கிறகோரி நிற்பார். தண்ணீரில் மீன் கறுத்துத் திரளுவதைக் கண்டு கரைவலைக்காரருக்குத் தோள் துவாயால் சைகை காட்டுவார். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினால், வா. குறுக்கே வீசினால், நில். மேட்டில் நிற்பவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் பெண்களும் வீட்டு வளவில் நின்று சீலைத்துண்டை அப்படித்தான் தூக்கிக் காட்டுவார்கள். வீட்டு வேலைக்கு மண் தேவையென்றால் கடல்பக்கத்தில் அள்ளுவார்கள். ஊர்ப்பக்கத்தில் யாரும் மண்வெட்டி வைப்பதில்லை. கடைசிச் சண்டையில் சனம் பங்கர் வெட்டிப் பதுங்கி இருந்தது அங்கேதான். எல்லாம் தூர்ந்துபோயிற்று. ஆட்களோடு தூர்ந்ததும் உண்டு.

தெரிந்திருந்தும் புனிதம் வின்சனைத் திருப்பி அனுப்பவில்லை. சரி, பறி என்றாள்.

இப்போது முழங்கால் ஊன்றி அந்தக் கும்பியை மட்டப்பலகையால் இழுத்தாள். பலகையில் துணி சிக்கியது. செங்கல் நிறம், ஓரத்தில் கறுத்துப்போன சரிகை. இழுக்க இழுக்க வந்தது. ஒரு பக்கம் பிரிந்த பை. மறுபக்கம் பெரிய பெரிய இழையாய் அவசரத்தில் ஓட்டிய தையல். கலியாணச் சீலை. அதைக் கிழித்துப் பங்கருக்கு மண்மூட்டை தைத்தது இந்தக் கைதான்.

அழுகை வரவில்லை. மணந்து பார்த்தாள். ஈர மண். அதற்கடியில், குழந்தையின் தலை வியர்வை.

சின்னவள் ரஜிதாவுக்கு அப்போது ஐந்து வயது. புனிதம் பெரியவள் நிதர்சனாவைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் புறப்பட்டபோது சின்னவள் பங்கருக்குள் இருந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, இப்ப வெளியால வரலாமோ?"

"நான் சீலையைத் தூக்கிக் காட்டுமட்டும் வரக்கூடாது. அப்பா மேட்டில காட்டுறமாதிரி. விளங்கிச்சோ?"

"ஓம்."

திரும்பி வந்தபோது பங்கர் இல்லை. மண் இருந்தது. சீலையைத் தூக்கிக் காட்ட ஒரு வாசல் இல்லை.

"அம்மா!" முன்னறையிலிருந்து நிதர்சனா. "அடிவயிறு இழுக்குது அம்மா."

"பயப்பிடாத பிள்ளை. அசையாமல் கிட. அப்பாவைக் கூப்பிடுறன், ஓட்டோ பிடிச்சு வருவார்."

கிறகோரியின் போன் குசினியில் கிடந்தது. புனிதம் வளவுக்கு ஓடினாள். மேட்டு உச்சியில் அவர் சின்னதாய்த் தெரிந்தார். தன் கையில் என்ன இருக்கிறதென்று அவள் பார்க்கவில்லை. பழக்கம். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள்.

வா.

கிறகோரி கண்டார். இறங்க அடி எடுத்தார். நின்றார்.

பிறகு துவாயைக் குறுக்கே வீசத் தொடங்கினார். நில். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், வீட்டைப் பார்த்து வீசினார். நில். நில்.

காற்று விழுந்தது. தகரம் அடங்கியது.

வீட்டுக்குள் மண் சரிகிற சத்தம். சரசரவென்று, மெல்ல. அதற்குப் பின் நிதர்சனாவின் குரல். வலியில்லாத குரல்.

"பார்த்து... பார்த்து வா. விழுந்திடுவாய்."

"பிள்ளை, ஆரோட கதைக்கிறாய்?"

"தங்கச்சியோட, அம்மா."

புனிதம் வாசலுக்கு வந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. கும்பி இல்லை. கும்பி இருந்த இடத்தில் ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய குழி.

அங்கிருந்து கால் தடங்கள். ஈரம். சின்னக் கால்கள். முன்னறைச் சீமெந்துத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பாய் வரைக்கும்.

பாயிலிருந்து திரும்பிப் போன தடம் இல்லை.

நிதர்சனா கண்ணை மூடிக் கிடந்தாள். சட்டைக்கு மேல், வயிற்றில், மண் ஒட்டிய கை அடையாளம். ஐந்து விரலும் தெரிந்தது. புனிதம் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அடையாளத்துக்கு நேரே, உள்ளுக்கிருந்து ஒரு கை எழும்பியது. விரலுக்கு விரல் பொருந்தி நின்றது. பிறக்காத பிள்ளையின் கையல்ல. ஐந்து வயதுக் கை.

"அம்மா, இப்ப வெளியால வரலாமோ?"

நிதர்சனாவின் வாய் அசையவில்லை.

இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள் புனிதம். துணி வாசல் நிலையில் உரசியது. அப்போதுதான் தெரிந்தது, அவளுடைய இரண்டு கைகளும் இன்னும் தலைக்கு மேலே. சீலை விரிந்தபடி. இறக்கப் பார்த்தாள். கைகள் மரத்துப்போயிருந்தன. இறங்கவில்லை.

யன்னலுக்கு வெளியே, மேட்டில், துவாய் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நில். நில். நில்.

வயிற்றில் இரண்டாவது கையும் எழும்பியது.