தொல்லைப் புள்ளி

பேரம் பேசும் கருவியான விலைவாயன் வந்த பிறகு, பழைய பொருளை விற்க வசுமதி யாரிடமும் பேசியதில்லை. அவள் குரலிலேயே அது பேசிவிடும். "பாதி விலைக்குக் குடுங்க மேடம், வீட்டுல கொண்டாந்தும் போட்டுருங்க" என்பவர்களிடமும் அதற்குக் கோபம் வராது. பேச்சை அளந்து தொல்லைப் புள்ளி போடும். புள்ளி கூடினால் அந்த ஆளுக்குக் கதவு அடைபடும். அவளுடையது மட்டுமல்ல, ஊரிலுள்ள எல்லா விலைவாயன்களின் கதவுகளும்.

"கண்டவங்ககிட்டயும் நீ ஏங்க்கா வாய் குடுக்கணும்? அது பாத்துக்கும்," என்று சொல்லி அதை வாங்கி வைத்தவள் தங்கை சுபத்ரா.

இம்முறை விற்றது மகன் ஆதவனின் மீன்தொட்டி. அவன் இறந்து இரண்டு ஆண்டுகள். வெறும் தொட்டிதான், ஆனாலும் அதைக் கடக்கும்போதெல்லாம் அவள் கை தீனி டப்பாவைத் தேடியது.

வாங்கியவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆள் வந்து தூக்கிப் போனான். தொட்டி இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்றிருந்தது. அதைப் பார்க்க முடியாமல், விலைவாயன் அன்று விரட்டியவர்களின் பேச்சைப் போட்டுக் கேட்டாள்.

தயங்கித் தயங்கி ஒரு பெண்குரல். "தொட்டி ஒழுகுங்களா?"

"ஒழுகாது." வசுமதியின் குரல்.

"படத்துல ஒரு பச்சைக் கோலி தெரியுதே, உங்க பிள்ளை போட்டதா? மீனுக்கெல்லாம் பேரு வச்சிருந்தாங்களா? எம் பொண்ணு கேக்கச் சொல்லி உசுர வாங்குறா."

"பொருளுக்குத் தொடர்பில்லாத பேச்சு. நன்றி."

வசுமதி அதை மறுபடியும் போட்டுக் கேட்டாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எல்லாரும் கேட்டார்கள். ஆதவனைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் உடைந்துவிடுவாள் என்று பயந்தார்கள். யாரும் கேட்காமலிருப்பதைத்தான் விரும்புவதாக அவளும் நினைத்திருந்தாள்.

தாசில்தார். குண்டு ராணி. ஓயாமல் வாயைத் திறந்து மூடியதால் ஒரு மீனுக்குச் சித்தி என்று பேர்.

"அந்தம்மாவைக் கூப்பிடு," என்றாள் விலைவாயனிடம்.

"அடைக்கப்பட்டவர். வழியில்லை."

வாங்கியவரை அழைத்தாள். அவருடைய விலைவாயன் எடுத்தது.

"தொட்டிக்குள்ள ஒரு பச்சைக் கோலி இருக்கும். எம் பையனோடது. எடுத்து வைக்கச் சொல்றீங்களா?"

"விற்பனை முடிந்த பொருள். நன்றி."

மீண்டும் அழைத்தாள். "காசு வேணும்னாலும் தர்றேங்க. அந்த வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா? அதையாவது சொல்லுங்க."

மறுபடி அழைத்தபோது எதிர்முனையில் ஓசையே இல்லை. அவள் புள்ளி கூடிவிட்டிருந்தது.

தன் விலைவாயனிடம் திரும்பினாள். "நீயாவது கேளு. மீனுக்கெல்லாம் என்ன பேருன்னு ஒரு தடவை எங்கிட்டக் கேளு."

சற்று நேரம் அது அளந்தது. பிறகு, அவள் குரலிலேயே, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னது:

"பொருளுக்குத் தொடர்பில்லாத பேச்சு. நன்றி."