இடப்பக்கம் திரும்பும்போது

அந்தச் சத்தம் அவர் ஓட்டும்போது வரவில்லை. அவர் மனைவி ஓட்டும்போது மட்டும்தான் வந்தது.

பதினைந்து நாளைக்கு முன்னால் அவள் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். புதிதாக வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்த பெரிய வண்டி. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இடது பக்கம் ஒடிச்சா உறுமுதுங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்று சாவியை மட்டும் நீட்டினாள்.

முப்பது வருஷ மெக்கானிக். இதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இடப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். வலப்பக்க பேரிங் தேய்ந்திருந்தால் அப்போதுதான் அது வாய் திறக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இம்மி ஆட்டமில்லை. கையால் சுற்றிவிட்டால் வெண்ணெயாகச் சுழன்றது. டிரம்மைக் கழற்றினார். பிரேக் லைனிங் கனமாக இருந்தது. சைலன்சரைக்கூட முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தார், ஓட்டை ஒடசல் இல்லை. கை கறுத்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை விட்டிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் தார்த்திடலில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வளைத்ததும் பின்னாலிருந்து, வலது மூலையிலிருந்து, அது எழுந்தது. பேரிங் முனகுவதுபோல்தான் தொடங்கியது. ஆனால் முனகல் நீள நீள அதில் ஈரம் ஏறியது. வாயை மூடிக்கொண்டு ஒருவன் தொண்டைக்குள்ளேயே கத்துவதுபோல.

"பிரேக்கை லேசா மிதி."

மிதித்தாள். சத்தம் மாறவில்லை.

"பிரேக் இல்ல" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "பேரிங்காத்தான் இருக்கும். நாளைக்குப் பாக்கலாம்."

அவள் வண்டியை நிறுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "டிக்கியில படுத்துக் கேட்டா எந்தச் சக்கரம்னு பட்டுனு தெரிஞ்சிடும்னு தம்பி சொல்வான்."

மூன்று வருஷமாக அவள் தம்பியைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை.

மச்சினனுக்குப் பாம்புச் செவி. ஒர்க்‌ஷாப்பில் அவரோடு பத்து வருஷம் இருந்தான். வண்டி வாசலில் நுழையும்போதே நோவைச் சொல்லிவிடுவான். வருகிறவர்கள் எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள். முதலாளி அவர் என்பதே பலருக்குத் தெரியாது. பிடிபடாத சத்தமென்றால் மச்சினன் டிக்கிக்குள் படுத்துக்கொள்வான், அவர் ஓட்டுவார். உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினால் இடது சக்கரம். இரண்டு தட்டினால் வலது. மூன்று தட்டினால் வண்டியை நிறுத்து.

தனியாகக் கடை போடப் போவதாக அவன் சொன்ன மறுநாள், ஒரு பச்சைக் கார் வந்தது. அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புகை டிக்கிக்குள் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். அன்றும் இதே திடல்தான். சீக்கிரமே மூன்று தட்டு கேட்டது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி மூன்று. மறுபடி. இடப்பக்கமாகவே வளைத்து வளைத்துச் சுற்றினார். தட்டுகள் ஓயும்வரை சுற்றினார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஊரே நம்பியது.

தம்பியைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது அவன் வலது கையை அவள் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். "முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருக்கே" என்றாள். அவ்வளவுதான்.

"என்னங்க, பயமா?" என்றாள் இப்போது.

மாட்டேன் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். அந்த ஏன் அவர் நெஞ்சில் மூன்று வருஷமாக முள்ளாகக் கிடந்தது.

"பயமென்ன பயம்? ரெண்டே ரவுண்டு. மூணு தட்டுனா நிறுத்திடணும்."

"எனக்குத் தெரியாதா?"

டிக்கிக்குள் ஏறி இடப்பக்கமாகச் சுருண்டு படுத்தார். ரப்பர் வாடை. ஈரத் துணி வாடை. அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. எதுவுமே இல்லை. மூடியை இறக்கினாள். வெளிச்சம் கீற்றாக ஒடுங்கிய கடைசி நொடியில், மூடியின் உள்விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் எட்டாத இடத்தை அவர் கண்டார்.

பச்சை.

பூட்டு விழுந்தது.

"ஏய்! ஏய், திற!"

இன்ஜின் உயிர் பெற்றது. வண்டி நகர்ந்தது. இருட்டில் மூடியைத் தடவினார். தகடு ஓரிடத்தில் குழிந்திருந்தது. சின்னச் சின்னக் குழிகள், நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று. அங்கேயே விரல் முட்டியால் ஓங்கித் தட்டினார். மூன்று முறை.

வண்டி நிற்கவில்லை.

இடப்பக்கம் திரும்பியது. உடம்பு வலப்பக்கம் சரிந்தது. முனகல் எழுந்தது. சக்கரத்திலிருந்து அல்ல. அதற்கும் இந்தப் பக்கம். டிக்கிக்குள். ஒரு கை தூரத்தில்.

மூச்சை அடக்கினார்.

முனகலும் அடங்கியது.

புகை நாற்றம். எங்கிருந்து? ஓட்டையே இல்லாத சைலன்சர். அவரே பார்த்தது. தொண்டை எரிந்தது. கண் கரித்தது. தட்டினார். மூன்று. மூன்று. மூன்று. தோல் கிழிந்து விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"என்னை மன்னிச்சிடு! நிறுத்தும்மா, தாயே, நான்தான், எனக்குக் கேட்டுச்சு, அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு!"

ஓங்கிய கையை ஏதோ பிடித்தது.

விரல்கள். ஐஸாகக் குளிர்ந்த விரல்கள். முரட்டுத்தனம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும் குழந்தையை அமர்த்துவதுபோல, மெதுவாக, அவர் மணிக்கட்டைக் கீழே இறக்கின.

"ஷ்ஷ்… சத்தம் போடாதீங்க மாமா" என்றது காதோரத்தில். அந்த வார்த்தைகளில் காற்றே இல்லை. "கேக்க விடுங்க."

அவருக்கு மேலே, இருட்டில், தகட்டில் யாரோ தட்டினார்கள். நிதானமாக.

ஒன்று. இரண்டு. மூன்றாவது வரவில்லை.

முன்சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது. மூன்று வருஷத்தில் அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத கனிவு அதில் இருந்தது.

"கேட்டுச்சுடா தம்பி."

வண்டி மறுபடி இடப்பக்கம் திரும்பியது. அவர் வலப்பக்கம் உருண்டார். மூச்சில்லாத ஒரு மார்பின்மேல் போய் விழுந்தார். இரண்டு கைகள் அவரை அணைத்து, இறுக்கிக்கொண்டன.