அழைக்காமல் சேர்ந்த கணினி

திரையில் ஓடிய கணினிப் பட்டியலின் அடியில் யாரும் வாங்கிப் போடாத ஒரு கணினி இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அடுக்கி வைத்திருந்த கணினிகள் எல்லாம் ஒன்றாக இணைந்து ஆராய்ச்சியாளர்களின் பெரிய கணக்குகளைப் போடும். எந்தக் கணக்குக்கு அதைப் போட்டுமுடிக்கும் மூளையான கோர் எத்தனை, மெமரி எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை என்று மூக்கால் அழுவார்கள். அந்த நச்சரிப்பு தாங்காமல்தான் காலையில் விதியையே தளர்த்திவிட்டாள்: புதிதாக எது வந்து இணைந்தாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள், ஒரு கணினி நின்றால் அதிலிருந்த கணக்கைக் காலியாக இருக்கும் இன்னொன்றுக்கு மாற்று. சோம்பேறித்தனம்தான். அவளுக்கே தெரியும்.

"டேய் கொசு, புதுசா எதையாவது மாட்டினியா?"

பக்கத்து மேசையில் பழுது பார்ப்பவன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். நாளெல்லாம் காதருகே தொணதொணப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"நான் எங்கக்கா மாட்டினேன்? சீட்ட விட்டே எந்திரிக்கல. வீட்ல பாப்பா தனியா இருக்கும், நேரத்தோட கிளம்புங்க. இதெல்லாம் நாளைக்கு..."

பேச்சு அதோடு நின்றது.

சன்னலில் வெயில் இன்னும் இருந்தது. கணினிகளுக்குள் சுழலும் விசிறிகளின் இரைச்சல், சூடேறிய தூசியின் வாடை, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன, ஆனால் அவன் கையில் சாய்ந்திருந்த கோப்பையிலிருந்து டீ சுடச்சுட சட்டையில் வழிந்துகொண்டே இருந்தது, அவன் கண் இமைக்கவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஏற்ற இறக்கமில்லாத ஓர் இரைச்சல் வந்தது. சுவருக்கு அப்பால் கேட்கும் அதே இரைச்சல். நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

திரையில் அந்தப் புதுக் கணினியின் கோர் எல்லாம் நிரம்பியிருந்தன. கணக்கைக் கொடுத்தவர் யார் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

அந்தக் கணினி கொசுவேதான் என்று மனம் நம்பவில்லை. கை நம்பிவிட்டது. அந்தக் கணினியை நிறுத்தினாள்.

இரைச்சல் அடங்கியது. கொசுவின் தலை மேசையில் விழுந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

நிறுத்தியது அவள்தான்.

அதற்குள் அவள் போட்ட விதி தன் வேலையைச் செய்துவிட்டது. பட்டியலின் அடியில் இன்னொரு வரி முளைத்தது. சின்னக் கணினி. மெமரி கொஞ்சம்தான். முழுதும் காலி.

ஃபோன் அடித்தது. மகள்.

"அம்மா, தலை சுடுதும்மா. காதுக்குள்ள என்னமோ ஓடுது."

"கண்ணு, பேசிக்கிட்டே இரு. நிறுத்தாத. என்ன படிச்ச இன்னிக்கு?"

பேசிக்கொண்டே காலையில் போட்ட விதியை ரத்து செய்யும் ஆணையை அடித்தாள். பதில் உடனே வந்தது: காலி கோர் இல்லை. உங்கள் ஆணை வரிசையில் காத்திருக்கிறது.

சின்ன வரி பாதி நிரம்பிவிட்டது.

"செடி எப்படி... செடி... அம்மா, நீ என்னைய என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவ?"

"ஐயோ, கண்ணு!"

"பயமா இருக்கும்மா. அம்..."

வரி நிரம்பியது.

காதில் இரைச்சல் மட்டும்.

விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் என்ன ஆகும் என்பது பக்கத்து மேசையில் கிடந்தது. அழுத்தவில்லை. திரையில் அந்த வரிக்கு நேராக வெப்பம் ஏறியது. இன்னும் ஏறியது.

"கண்ணு" என்றாள்.

இரைச்சல் கொஞ்சம்கூட மாறவில்லை.