முப்பதைத் தாண்டிய மூச்சு

கைலாசம் அன்றைக்கு ஒரே மூச்சில் அறுபத்திரண்டு வரை எண்ணிவிட்டான். கந்தம்மாளுக்கு வாய்விட்டு அழலாம் போல இருந்தது, சந்தோஷத்தில்தான். ஆனால் அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. நாற்பது நாளாகக் கஷாயமும் வெந்நீரும் கோழைத் துணியுமாகப் புருஷனோடு மாரடித்ததில் அவளுக்கு இடுப்பு இற்றுப் போயிருந்தது. அப்புறம்தான் அதைக் கவனித்தாள். தறி ஓடுகிற வீட்டில் எந்நேரமும் பஞ்சுத் தூசு மிதந்துகொண்டிருக்கும். கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய மழைநாள் வெளிச்சத்தில், கைலாசத்தின் வாய்க்கு நேரே வந்த பிசிறு ஒன்று, அவன் எண்ணி முடிக்கிற வரைக்கும் இம்மிகூட விலகாமல் நேராகக் கீழே இறங்கியது. கண் அசந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்த வருஷம் வந்த அதே விஷக்காய்ச்சல், நாலு வருஷம் கழித்து ஐப்பசி மழையோடு ஜலகண்டாபுரத்துக்குத் திரும்பி வந்திருந்தது. தெருவில் எட்டுப் பேர் போனார்கள். கைலாசம் பிழைத்தான். ஆனால் அவன் நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம் தங்கிவிட்டது. கம்பவுண்டர் மயில்சாமி அவன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தெனமும் ஒரே மூச்சுல எண்ணச் சொல்லும்மா. அமாவாசைக்குள்ள முப்பதைத் தாண்டிட்டான்னா நெஞ்சு தேறிரும், தறியில உக்காரலாம். தாண்டலீன்னா காலத்துக்கும் இதே நெஞ்சுதான். ஆரும் கூடச் சேந்து எண்ணாதீங்க. அவனேதான் எண்ணோணும்."

"செரிங்க," என்றாள் கந்தம்மாள். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

நெசவுக்காரர் வீட்டில் எண்ணிக்கையை நடுவில் விடுவது ஆகாது. தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீளமாக விரித்து இழை எண்ணும்போது ஒருவருக்கு மூச்சு முட்டினால், பக்கத்தில் நிற்பவர் அடுத்த எண்ணைச் சொல்லி எண்ணிக்கையைத் தான் எடுத்துக்கொள்வார். அந்தரத்தில் விட்டால் பாவு அறும் என்பார்கள். பேச்சு வரும்போதே அந்தப் பழக்கமும் வந்துவிடும். ஏழு வயசு மகள் ராசம்மாளுக்குக்கூட அது அத்துப்படி.

பத்து நாளாகக் கைலாசம் பதினாலைத் தாண்டவில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் பதினாலில் நின்று திணறி, கண்ணில் நீர் முட்டக் கந்தம்மாளைப் பார்த்தான். "பதினஞ்சு," என்று எடுத்துக்கொண்டாள். முப்பத்தொன்று வரை தானே கொண்டுபோய் முடித்தாள். தப்பு செய்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் அவன் தனியாகவே முப்பத்தொன்று எண்ணினான்.

அதற்கப்புறம் நாற்பத்தைந்து. பிறகு அறுபத்திரண்டு. பிறகு தறிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான். நூலை இழுத்துப் போகும் நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகப் போக ஓர் எண், ஓட்டில் மழை விழ விழ ஓர் எண், கஞ்சிப் பசையின் புளித்த வாடையும் நனைந்த சுவரின் வாடையும் கலந்த அந்த வீட்டுக்குள் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஏற்ற இறக்கமே இல்லாத அவன் குரல், ஒரு சுற்று முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து என்று, ஓடிக்கொண்டே இருந்தது. பிசைந்து வைத்த சோறு ஆறிப் போனது.

கந்தம்மாளுக்குக் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவருவதற்குள் மூச்சிரைத்தது. நோயாளியைப் பார்த்த அசதி, வேறென்ன என்று தள்ளிவிட்டாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அடுப்படியில் யாரும் இல்லாதபோது தானும் எண்ணிப் பார்த்தாள். இருபத்தொன்று. மறுநாள் பதினாறு. அதற்கு மறுநாள் ஒன்பது. ஒன்பதில், ஈரத்துணி பிழிகிற சத்தம் அவள் விலாவுக்குள்ளிருந்து வந்தது.

"ஏனுங்க," என்றாள் குழியருகே வந்து. "நல்லாத்தான் ஆயிருச்சே. போதுங்க. நிறுத்துங்க."

அவன் திரும்பவில்லை. நூற்றெண்பது. நூற்றெண்பத்தொன்று.

மத்தியானம் மயில்சாமி வந்தார். குனிந்து கைலாசத்தின் முதுகில் குழாயை வைத்தார். முகம் மலர்ந்தது.

"இரைச்சலே இல்லம்மா. நெஞ்சு சுத்தமா..."

பேச்சு நின்றது. குழாயை இடப்பக்கம் மாற்றினார். வலப்பக்கம். நெஞ்சுக்கு நேரே. குழாயை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். எண்ணிக்கொண்டே இருந்த அந்த உதடுகளைப் பார்த்தார்.

"ஒன்னுமே இல்ல," என்றார், தனக்குத்தானே.

"ஐயா, எனக்கும் கொஞ்சம்..." அதற்கு மேல் கந்தம்மாளுக்கு மூச்சு இல்லை. அவர் அதைக் கேட்கவுமில்லை. குடையை விரிக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் எண்ணுவதெல்லாம் அவளுடைய மூச்சு. மிச்சமிருப்பதோடு மகளைக் கூட்டிக்கொண்டு தாரமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இப்போதே. ராசம்மாள் பின்கட்டில் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பத்தடிதான். கந்தம்மாள் மூன்றாவது அடியில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நானூத்திப் பதினேழு."

தறி நின்றது.

இத்தனை நாளில் முதல் தடவை. கைலாசம் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். வாய் திறந்தபடி. காத்திருந்தான்.

மாட்டேன் என்று தலையாட்டினாள். இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். இனி ஓர் எண்கூட இல்லை. எண்ணிக்கை அந்தரத்தில் நின்றது. மழைச் சத்தம். ராட்டைச் சத்தம்.

ராட்டை நின்றது.

வேண்டாம் கண்ணு. சொல்லாதே. கந்தம்மாளுக்கு நாக்கு மட்டும் புரண்டது. காற்று வரவில்லை.

"நானூத்திப் பதினெட்டு," என்றாள் ராசம்மாள். அப்பனுக்கு உதவுகிற பெருமை முகத்தில். "பத்தொம்பது. இருவது."

தறி ஓடத் தொடங்கியது. கந்தம்மாள் தவழ்ந்தாள். ஓரடி. நின்று. இன்னோர் அடி. குழந்தையின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியிருந்தது, அதே ஒரே மூச்சில். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. கண்கள் மட்டும் அம்மாவைப் பார்த்து மிரண்டன.

எட்டிப் பிடித்தாள். மகளின் வாயை அழுத்திப் பொத்தினாள்.

உள்ளங்கையில் மூச்சுப் படவில்லை. அதற்கடியில் சின்ன உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.