அறுபடாத இணைப்பு

ஐந்து நாளாக ஒரு எழுத்தும் விழாமல் கிடந்த இணைப்பில், புதன்கிழமை பட்டப்பகலில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிருபன் கதிரையைத் திரைக்கு முன் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெளிநாட்டில், வோபர்னில் அவன் வாடகைக்கிருந்த பேஸ்மென்டில், ஒரு பழைய சேர்வருக்குள் லினக்ஸ் கொண்டெய்னர் ஒன்று கட்டி வைத்திருந்தான். கணினிக்குள் வேலியடைத்த இன்னொரு கணினி, தூரத்திலிருந்து உள்ளே வந்து வேலை செய்யலாம், ஆனால் வேலியைத் தாண்ட முடியாது. அதன் சாவி ஒருவரிடம்தான் இருந்தது. வன்னியில் ஆஸ்பத்திரிக் கொட்டிலில் நின்று, சட்டலைட் வழியாகக் காயப்பட்டவர்களின் பெயர்களை அனுப்பிய அண்ணன் சச்சிதானந்தன். வெள்ளிக்கிழமையோடு பெயர்கள் நின்றன. சண்டை முடிந்ததென்று ரேடியோ சொல்லி இரண்டு நாளாயிற்று. இணைப்பு மட்டும் அறுபடவில்லை. அது அறாதவரை அண்ணன் இருக்கிறார் என்ற பொல்லாத நம்பிக்கையில், கிருபன் சேர்வரை அணைக்காமல் காவலிருந்தான்.

"சாப்பிட வாங்கோவன்," குசினியிலிருந்து மனைவி துர்க்கா கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறும், வாறன்."

அண்ணனின் லாப்டொப் ஆமியின் கையில் அகப்பட்டுவிட்டதோ என்று பயந்து, இன்ரநெற் வயரைப் பிடுங்கினான். எழுத்துகள் நிற்கவில்லை.

'தம்பி.'

எங்க நிக்கிறியள் என்று தட்டினான்.

'உள்ளுக்குள்ளை. ஒரே இருட்டு. ஆக்கள் வந்துகொண்டே இருக்கினம்.'

கொண்டெய்னருக்குள் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று. மறுபடி பார்த்தால் மூவாயிரம். சேர்வரின் விசிறி இரைந்து இரைந்து சுழல, அதன் முதுகுப்பக்கமாக வந்த சூட்டுக்காற்றில் உப்புத்தண்ணீரும் ஈரமண்ணும் பழைய மருந்துத் துணியும் கலந்த வாடை எழுந்து, கம்பளத்தில் ஊறி, அவன் தொண்டைக்குள் இறங்கியது.

'மூச்சு முட்டுது. திறந்துவிடு.'

தெரிந்த கட்டளையெல்லாம் தட்டினான். எதுவும் திறக்கவில்லை. வேலி அவன் கட்டியதுதான். நன்றாகவே கட்டியிருந்தான்.

பத்தாயிரம். இருபதாயிரம்.

'தம்பி, திற.'

அண்ணனை நானே கொல்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் பயம் விடவில்லை. சேர்வர், திரை இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினான்.

விசிறி நின்றது.

திரை அணையவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்தது. அதில் ஒரு கை பதிந்தது. அண்ணனுடையது அல்ல. சின்னக் கை. பக்கத்தில் இன்னொன்று. மேலே. கீழே. இடமில்லாமல், கைக்கு மேல் கை.