நண்டுத்திட்டில் ஒரு கரண்டிமூக்கு

"கூட வந்து பாருங்க சார். இருந்தா பாருங்க. இல்லாட்டி இனிமே நான் பைனாகுலரத் தொட மாட்டேன், இந்தச் சேத்துப் பக்கமும் வர மாட்டேன்."

நூர்நிஷா இப்படிச் சொன்னது தான் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில். கேட்டுக்கொண்டு நின்றவர் அமிர்தலிங்கம். வார நாட்களில் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரின் பறவை பார்க்கும் குழுவுக்குத் தலைவர். மனிதர் நல்லவர்தான். ஆனால் எதையும் நிரூபித்தால்தான் நம்புவார். இருமல் மருந்து வாங்க வந்தவர் இந்தச் சவாலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

விஷயம் இதுதான். போன கார்த்திகையில், கோடியக்கரைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் சேற்று வெளியில், நூர் தன்னந்தனியாக ஒரு கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்ததாகச் சொன்னாள். சிட்டுக்குருவி அளவே இருக்கும் பறவை அது. கறுத்த மூக்கின் நுனி மட்டும் சின்னக் கரண்டி போலத் தட்டையாக விரிந்திருக்கும். வடக்கே பனி உறையும் கடற்கரையில் முட்டையிட்டுவிட்டுக் குளிருக்குத் தப்பித் தெற்கே வரும். உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் மிச்சம். பறவைப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது புதையல்தான், வேறென்ன சொல்ல?

அவளிடம் படம் இல்லை. கூட யாரும் பார்க்கவுமில்லை. அன்றிலிருந்து அவள் காக்காயைப் பார்த்தேன் என்றாலும் குழுவில் யாராவது ஒருவர், "கரண்டி இருந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். தை மாதக் கணக்கெடுப்பிலிருந்தும் அவள் பெயரை நைசாகக் கழற்றிவிட்டார்கள். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. சேற்றில் நடந்தே வளர்ந்தவளின் கண்ணை நம்ப மாட்டேன் என்றால் கோபம் வராதா?

குழுவுக்கு ஒரு விதி உண்டு. அரிய பறவை என்றால் இரண்டு பேர் பார்க்க வேண்டும். பார்த்தவர்கள் வாயைத் திறக்காமல் தனித்தனியே வரைய வேண்டும். பிறகுதான் பேச்சு. ஒருவர் "கரண்டி" என்று சொல்லிவிட்டால், அடுத்தவர் கண் தானாகவே ஒரு கரண்டியைக் கொண்டுபோய் மாட்டிவிடும். இது அமிர்தலிங்கம் போட்ட விதி.

ஞாயிறு காலை மூவரும் கிளம்பினார்கள். மூன்றாவது ஆள் லூர்துமேரி, நூரின் பள்ளித்தோழி, போட்டோ ஸ்டுடியோவில் வேலை. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்த பெரிய கேமராவை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு. அதைச் சொல்ல வெட்கமும் கிடையாது.

செருப்பைக் கரையிலேயே விட்டாயிற்று. போட்டுக்கொண்டு நடந்தால் சேறு அதைத் தின்றுவிடும். ஐப்பசி மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல இருந்தது. தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்பு வரிசையாக நின்றன. கிட்டே போகப்போக அந்த வரிசை மெல்ல நகர்ந்தது. ஒவ்வொன்றும் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேய்ந்துகொண்டே நடந்தது. அவற்றின் காலடியில் உள்ளான்கள், நூறு நூறாகச் சேற்றைத் தைத்துக்கொண்டு ஓடின.

"எம்மாடி, இவ்வளவும் நம்ம ஊருலயாடி இருக்கு?" என்றாள் லூர்து.

"வருஷா வருஷம் வருது. நீதான் வந்ததில்ல," என்றாள் நூர்.

அரை மைல் போயிருப்பார்கள். நூர் சட்டென்று நின்றாள். பைனாகுலரில் ஒரு குட்டிப் பறவை. மூக்கு நுனியில் தெளிவாக ஒரு தட்டை.

"கரண்டி!" என்று கத்திவிட்டாள்.

அவ்வளவுதான். அமிர்தலிங்கம் பைனாகுலரை உயர்த்தினார், அவருக்கும் கரண்டி தெரிந்தது. விதி போட்ட மனிதர் விதியை மறந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னே பாய்ந்தார். நாலாவது எட்டில் தொடை வரை சேற்றில் இறங்கிவிட்டார். "அசையாதீங்க சார்!" என்று லூர்து ஓடிப்போய்க் கையைக் கொடுத்தாள். இழுத்த இழுப்பில் வாத்தியார் வெளியே வந்தார், கேமரா உள்ளே போனது.

லூர்து அதைத் தோண்டி எடுத்தாள். லென்ஸிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

இத்தனை அமளியிலும் அந்தக் குட்டிப் பறவை தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு குட்டையில் மூக்கை விட்டு எடுத்து உதறியது. கரண்டி கழன்று விழுந்தது. வெறும் சேறு. சாதாரணக் கொசு உள்ளான், கூர்மூக்கோடு அவர்களைப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.

நூர் தலை குனிந்தாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நானும் கரண்டின்னுதான் பாத்தேன்," என்றார் அமிர்தலிங்கம், காலிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டே. "சத்தியமா பாத்தேன்மா. அதுக்குத்தான் அந்த விதி."

அந்த நேரம் பார்த்து வாடைக் காற்று எழும்பியது. அந்த வெளியில் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும். காய்ந்து கிடந்த வரப்புகளை எல்லாம் மெல்லிய தகடாக நீர் மூடத் தொடங்கியது.

"திரும்பிடலாம். வந்த வழி முழுகிடும்," என்றார் அவர்.

நூர் மேற்கே கை காட்டினாள். சிப்பி ஓடுகளும் உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடிகளும் மண்டிய ஒரு மேடு, நண்டுத்திட்டு என்று பெயர். "தண்ணி ஏறுனா குருவிங்க எல்லாம் எங்க சார் போவும்? காஞ்ச எடத்துக்குத்தான. காஞ்ச எடம் இங்க அது ஒண்ணுதான். நாம முன்னாடியே போய்ப் பதுங்கிட்டா, நாம தேட வேணாம், அதுங்களே வரும். திரும்பறப்ப இடுப்பளவு தண்ணி இருக்கும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் லூர்து. ஆனாலும் முதல் ஆளாக நடந்தாள். இழக்க இனி அவளிடம் கேமராவும் இல்லை.

உமரிச் செடிகளுக்குப் பின்னால் குந்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பறவைகள் வந்தன. முதலில் இரண்டு மூன்று. பிறகு ஒரு கூட்டம் வானத்தில் வெள்ளையாகத் திரும்பியது, அடுத்த நொடி பழுப்பாகத் திரும்பியது, மழை இறங்குவது போன்ற இரைச்சலோடு திட்டில் வந்து இறங்கியது. பிறகு இன்னொன்று. பனிக்காட்டிலிருந்து கடலும் மலையும் தாண்டி வந்த உயிர்கள், இவர்களிடமிருந்து நாலு முழத்தில் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடின. மூச்சு விடவே கூச்சமாக இருந்தது மூவருக்கும். இப்படி ஒன்றைப் பார்க்க எத்தனை முறை சேற்றில் விழுந்தாலும் தகும்.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நூர் அதைப் பார்த்தாள்.

கறுத்த மூக்கு. நுனியில் கரண்டி. பார்த்த மாத்திரத்தில் அது கழுத்தைத் திருப்பி மூக்கை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிப்போனது. இப்போது அது நூற்றோடு நூற்றொன்று.

அமிர்தலிங்கமோ மறுபக்கம் பூநாரைகளை ரசித்துக்கொண்டிருந்தார். சொன்னால் கெட்டது. கை காட்டினாலும் கெட்டது. நூர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஈர மணலில் விரலால் வரைந்தாள், அதைத் துப்பட்டாவால் மூடினாள். லூர்து எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீர் திட்டின் விளிம்பை நக்கியது. "போதும்மா, கிளம்பலாம்," என்று கிசுகிசுத்தார் வாத்தியார்.

"கொஞ்சம் இருங்க சார்."

"ஏன்?"

நூர் துப்பட்டாவைக் கையால் அழுத்திக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பொத்திய லூர்துவின் வாயைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பைனாகுலரை எடுத்துத் திட்டின் கோடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போது பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. மொத்தத் திட்டும் ஒரே சிறகாக எழும்பியது. போச்சு என்று நூர் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் வானில் சுற்றியது, பிரிந்தது, சேர்ந்தது. பருந்து ஒன்றும் சிக்காமல் வெறுங்காலோடு போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முன்பு நின்ற இடத்தில் அது இல்லை.

அவள் தேடவே இல்லை, தேடத் தெம்பில்லை. ஆனால் பக்கத்தில் அமிர்தலிங்கத்தின் கை அசையாமல் நின்றுவிட்டது. வெகு நேரம் பார்த்தார். பிறகு பைனாகுலரை மெதுவாக மடியில் வைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து மணலில் விரலை ஓட்டினார்.

லூர்துதான் நடுவர். துப்பட்டாவை விலக்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டுலயும் கரண்டி இருக்கு," என்றாள்.

"தண்ணி ஓரத்துல மேயுது பாரும்மா," என்றார் அவர். "மூக்கக் கழுவிக் கழுவி எடுக்குது. கரண்டி போகவே இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்ன ஒரு வருஷமா கேலி பண்ண விட்டுட்டேன். போன வருஷத்ததையும் சேத்துப் பதிவு பண்ணிடலாம்."

நூர் நீர் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பறவை தலையைத் தாழ்த்தி, வாசல் பெருக்குவது போல மூக்கை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு நடந்தது.

"வேணாம் சார்," என்றாள். "போன வருஷம் பாத்தது கொத்திக் கொத்தித் தின்னுச்சு. இது பெருக்குது. அது மூக்குல ஒட்டுன சேறுதான் சார். இப்பத்தான் தெரியுது."

தண்ணீர் ஏறி இரண்டு படங்களையும் அழித்தது.

இடுப்பளவு நீரில் மூவரும் கைகோத்து நடந்தார்கள். செத்த கேமரா லூர்துவின் தலையில் இருந்தது. முதலாளியிடம் மூவரும் சேர்ந்தே போய் நிற்பது என்று வழியிலேயே முடிவாகிவிட்டது. சாலையோர டீக்கடையில் குழுவினர் காத்திருந்தார்கள். சேற்றுப் பொம்மைகளாக வந்தவர்களைப் பார்த்ததும் ஒருவர் வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"என்ன நூரு, கரண்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றார் அமிர்தலிங்கம். "நானும் பாத்தேன். தனியாப் பாத்தேன், தனியா வரைஞ்சேன்." மூவருக்கும் டீ வந்தது. "தை மாசக் கணக்கெடுப்புக்கு நூர்தான் தலைமை. இனிமே அவ பாத்தேன்னு சொன்னா ரெண்டாவது ஆள் வேண்டியதில்ல."

நூர் டீக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வேணும் சார்," என்றாள். "ரெண்டாவது ஆள் கண்டிப்பா வேணும். நானும் சேத்தக் கரண்டின்னு பாத்தவதான்."